கோழிக்குச் சுற்றிய காலடி மண்

அந்த வருஷம் கத்திரி வெயிலும் ரம்ஜான் நோன்பும் சேர்ந்து வந்தன. ராஜகிரி மலைப் பாறைகள் பகலெல்லாம் குடித்த வெயிலைப் பொழுது சாய்ந்த பிறகும் ஊர்மேல் ஊதிக்கொண்டிருந்தன. செஞ்சி கடைத்தெருவில் நாய்கூட நடமாடாத நடுப்பகலில், ஒரு பெண் மட்டும் தன் வீட்டுத் தோட்டத்தில் பனைமட்டை வேலியோரம் நின்றுகொண்டிருந்தாள். தலையில் முந்தானை. கண் வேலி இடுக்கில்.

அவள்தான் தைலம்மாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் பக்ருன்னிசாவின் வீடு. அங்கே வளர்ந்துகொண்டிருந்தது தைலம்மாளின் கோழி. தன் கோழி இன்னொருத்தியின் காலைச் சுற்றுவதை இடுக்கு வழியாகப் பார்க்கும் கொடுமை எந்தப் பெண்ணுக்கும் வரக் கூடாது. இவளுக்கு வந்திருந்தது. அதுவும் இவளே ஒப்புக்கொண்டு, இவளே தூக்கிக் கொடுத்த கோழி!

தைலம்மாள் தளவானூரில் பிறந்தவள். அவளுக்குப் பின்னால் பிறந்தவள் பூவாயி. விதைப்பு நாளில் அம்மா விதைக் கூடையோடு நிலத்துக்கு வருவாள். ஆசையாகக் கை நீட்டி நிற்கும் மூத்த மகளைத் தாண்டிப் போய் இளையவளிடம் கூடையை நீட்டுவாள்.

"மொதப் புடி பூவாயி வுடட்டும். அவ கை ராசியான கை. நீ அந்தாண்ட நில்லுடி தைலு."

தைலு அந்தாண்ட நின்றாள். நீட்டிய வலது கையைப் பாவாடை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டு நின்றாள். பூவாயி தூவிய கேழ்வரகு முளைத்தது. பூவாயி ஒடித்து நட்ட முருங்கைக் குச்சி மரமானது. தைலம்மாள் நட்ட பூசணி பூவோடு கருகியது. அம்மா மகளின் கையை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையைத் தைலம்மாள் புருஷன் வீட்டுக்கும் சீர்வரிசையோடு கொண்டு வந்தாள்.

புருஷன் அரங்கநாதன் செஞ்சி நெல் மண்டியில் எடை போடுகிறவன். நல்ல மனிதன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ஒரே மகள் ஆதிலட்சுமியைச் சீயமங்கலத்தில் கொடுத்தார்கள். மகளுக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோது தைலம்மாள் சர்க்கரைத் தண்ணீரைக் கரைத்துத் தயாராக வைத்திருந்தாள். பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் சொட்டை யார் வைக்கிறார்களோ அவர்கள் குணமும் ராசியும் குழந்தைக்கு வரும் என்பார்கள். ஆதிலட்சுமி படுத்தபடியே, "அம்மா, பனமலைலேர்ந்து பூவாயி சித்தி வந்துகினு இருக்காங்களாம். அவங்களே வெக்கட்டுமே" என்றாள்.

பெற்ற மகளே சொன்னாள்! தைலம்மாள் கிண்ணத்தை மாடத்தில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றாள். வலது கை தானாகவே முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

அதன் பிறகுதான் அவள் கோழி வளர்க்க ஆரம்பித்தாள். ஒரு உயிராவது இந்தக் கையில் தழைத்துக் காட்டாதா என்ற ஆவேசம். எங்கே தழைத்தது? பொரித்த குஞ்சுகளைப் பருந்து தூக்கியது, கீரி கடித்தது, மீதியைக் கழிச்சல் கொண்டுபோனது. கடைசியில் நின்றது ஒரே ஒரு பெட்டை. சாம்பல் உடம்பு, கழுத்தில் மட்டும் பொன் தூவியதுபோல் இறகு, ரோஜாவை மடித்து வைத்ததுபோல் கொண்டை.

அரங்கநாதன் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "இதயாவது பொழைக்க வுடு தைலு. பக்கத்து வூட்ல வாரத்துக்கு வுட்டுடலாம். அந்தப் பொண்ணு கைராசிக்காரி."

வாரத்துக்கு விடுவது அந்தப் பக்கத்து வழக்கம். கோழி உடையவளுக்கே சொந்தம், வளர்ப்பது இன்னொருத்தி. பொரிக்கும் குஞ்சுகளில் ஆளுக்குப் பாதி. உடையவள் முதலில் ஒன்றை எடுக்க வேண்டும், வளர்க்கிறவள் அடுத்தது, பிறகு மாறி மாறி. தாய்க்கோழிக்கு உடம்பு சரியில்லையென்றால் வளர்க்கிறவள் அன்றைக்கே உடையவளிடம் சொல்லிவிட வேண்டும். அது கட்டாயம்.

கைராசிக்காரி! அந்த ஒரு வார்த்தை முப்பது வருஷம் கழித்து, இப்போது பக்கத்து வீட்டுக்காரியின் பேரில் வந்து தைலம்மாளின் நெஞ்சைக் கிழித்தது. வீம்புக்கென்றே கோழியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள். 'பார்க்கலாம் அவள் ராசியை' என்றுதான் கொடுத்தாள்.

பார்த்தாள். அந்தப் பாழாய்ப்போன இடுக்கு வழியாகத் தினமும் பார்த்தாள்.

பக்ருன்னிசா அவளைவிட எட்டுப் பத்து வயது சின்னவள். புருஷன் நூர் முகமது சைக்கிளில் துணி மூட்டையோடு ஊர் ஊராகப் போகிற வியாபாரி. பொழுதுக்கும் தனியாக இருக்கிறவளுக்குக் கோழி மகளாகிவிட்டது. கொண்டையைப் பார்த்து ரோசா என்று பெயர் வைத்தாள். அடை வைத்த முட்டை ஒன்றுகூடக் கூமுட்டை ஆகவில்லை. குஞ்சுகள் முற்றமெல்லாம் உருண்டன. பங்கு பிரித்தபோது தைலம்மாள் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய கொழுத்த குஞ்சுகள் இவள் வீட்டுக்கு வந்ததும் சுருண்டன. பக்ருன்னிசா பங்குக்கு மிஞ்சிய நோஞ்சான் குஞ்சுகள் சேவலாகி வேலிமேல் ஏறிக் கூவின. தினமும் விடியற்காலையில், தைலம்மாளின் காதுக்குள்ளேயே வந்து கூவின.

சாயங்காலமானால் அந்தக் குரல் கேட்கும். "ரோசா... ரோசாம்மா... பா பா பா..." தேன் ஒழுகும் குரல். கோழி எங்கிருந்தாலும் சிறகடித்து ஓடும்.

"அந்தக் கொரலுக்குக் கோழி இன்னா, நானே ஓடுவேன்" என்று ஒருநாள் அரங்கநாதன் சிரித்தான். அதற்குப் பிறகு அவனுக்குக் குழம்பில் உப்பு சரியாக விழுவதற்குப் பல நாள் ஆயிற்று.

அந்தக் கத்திரி வெயிலில்தான் குரல் திடீரென்று நின்றுபோனது. இரண்டு சாயங்காலம் ரோசா என்ற சத்தமே இல்லை. அதற்காகத்தான் தைலம்மாள் உச்சி வெயிலில் இடுக்கில் கண் வைத்து நின்றாள்.

பக்ருன்னிசாவின் முற்றத்தில் புதிதாக ஒரு தகரக் கூண்டு. அதன் பக்கத்தில் தரையில் கிடந்தது கோழி. அலகு திறந்தபடி இருந்தது. சிறகு இரண்டும் உடம்பைவிட்டு விலகித் தொங்கின. தொண்டை மட்டும் படபடவென்று துடித்தது. ரோஜாக் கொண்டை வெளுத்து, காய்ந்த வெங்காயத் தோல்போல் கிடந்தது.

தைலம்மாள் தெருவைச் சுற்றிப் போகவில்லை. பனைமட்டையை விலக்கிக்கொண்டு வேலிக்குள்ளேயே நுழைந்தாள்.

"அடியே பக்ரு! எங்கோழிய இன்னாடி பண்ண?"

பக்ருன்னிசா ஈரத்துணியோடு உள்ளேயிருந்து ஓடி வந்தாள். நோன்பு முகம். உதடு வெடித்திருந்தது.

"அக்கா... வெயிலு தாங்கல அக்கா. காலைலேர்ந்து..."

"காலைலேர்ந்தா? பொய் பேசாத. ரெண்டு நாளா நீ கூப்புடற சத்தத்தக் காணும். எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா? ஒடம்பு முடியலன்னா ஒடனே சொல்லணும்னு தெரியாதா ஒனக்கு?"

பக்ருன்னிசா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவு தைலம்மாளுக்குத் தேனாக இனித்தது. கைராசிக்காரி கையிலும் கோழி சாயும்! பாவி மனம், கோழி மூச்சுத் திணறும்போது அவளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்துவிட்டது. உடனே அதற்கு அவளே பயந்தும் போனாள்.

"எட்டிப் போ. எங்கோழிய நான் பாத்துக்கறேன். எங்கையால பொழைக்க வெச்சிக் காட்டறேன்."

"அக்கா, பழைய சோத்துத் தண்ணி குடு. கால நனைச்சி வுடு. சாக்க நனைச்சி..."

"எனக்கு நீ சொல்லித் தர்றியா?"

கோழியை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அனல்கட்டியாகக் கொதித்தது அந்தச் சின்ன உடம்பு. இந்தக் கோழி அவள் மார்பில் கிடந்து எத்தனை காலமாயிற்று!

சின்ன வெங்காயமும் சீரகமும் மஞ்சளும் அரைத்து உருட்டி அலகுக்குள் வைத்தாள், துப்பியது. கம்பை ஊறவைத்து வைத்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்ருன்னிசா சொன்ன ஒரே காரணத்துக்காகச் சோற்றுத் தண்ணீரை மட்டும் கொடுக்கவில்லை. காலை நனைக்கவில்லை. சாக்கையும் நனைக்கவில்லை. அடுப்படி மூலையில் கூடையைக் கவிழ்த்து, அதற்குள் கோழியை வைத்தாள்.

சாயங்காலம் அரங்கநாதன் வந்து கூடையைத் தூக்கிப் பார்த்தான். "தைலு, வீம்பு புடிக்காத. அந்தப் பொண்ணக் கூப்புடு. அவ கைல குடுத்தா தின்னும்."

"செத்தாலும் எங்கைல சாவட்டும்" என்றாள் தைலம்மாள்.

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எவ்வளவு கொடியது என்று தெரிந்தது. அரங்கநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. கோழி இன்னும் மோசம். வீட்டில் யாரும் இல்லை. தைலம்மாள் கூடைக்கு முன்னால் குந்தினாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். பிறகு, அந்தத் தேன் குரலை எங்கிருந்தோ இழுத்து வரவழைத்துக் கூப்பிட்டாள்.

"ரோசா... ரோசாம்மா... பா பா பா..."

கோழி கண்ணைத் திறந்தது! வட்டக் கண்ணால் அவளைப் பார்த்தது. ஆசை பொங்க மறுபடி கூப்பிட்டாள். அது அவளையே பார்த்துவிட்டு, 'நீ அவள் இல்லையே' என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டது. வேலிக்கு அப்பால் யாரோ பாத்திரத்தைக் கீழே போடும் சத்தம் கேட்டது. பக்ருன்னிசா தன் குரலைத் தானே கேட்டுவிட்டாள் போலிருக்கிறது.

வெட்கத்தில் தைலம்மாளுக்குக் காது சிவந்தது. அவள் வேஷம் போட்டும் கோழி ஏமாறவில்லை. அப்படியானால் இது வெறும் வெயில் இல்லை. வேறு என்னவோ.

அந்த 'என்னவோ'வுக்குப் பெயர் வைத்துக் கொடுக்க மூன்றாம் வீட்டு சாமுண்டீஸ்வரி வந்தாள். ரேஷன் கடைக்காரரின் மனைவி. தெருவிலேயே அவள் வீட்டில் மட்டும்தான் கொல்லையில் சிமெண்டுத் தொட்டியும் குழாயும். கோழி என்றால் ஆகாது. ஒரு இறகு பறந்து வந்தாலும் தெருவைக் கூட்டிவிடுவாள். சேதி என்றால் மட்டும் எந்தக் கோழிக்கூட்டுக்கும் வருவாள்.

"கண்ணுதாங்க்கா இது" என்றாள், மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு. "நோய் இல்ல, நொடி இல்ல, கொண்டை எப்பிடி வெளுத்துட்டுது பாரு. யாரு கண்ணுன்னு நான் சொல்லணுமா? பொழுதுக்கும் அதையே பாத்துகினு இருந்தது யாரு?"

தைலம்மாளுக்கு விடை கிடைத்துவிட்டது. தன் கோழி, தன் உரிமை. அதைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறாள் பக்ருன்னிசா! தனக்குச் சொந்தமில்லையே என்று கண் வைத்திருக்கிறாள். எத்தனை இதமாக இருந்தது அந்த நினைப்பு! பொறாமைப்பட்டது தான் இல்லை, அவள்.

கண் கழிய வேண்டுமென்றால் கண் வைத்தவளின் காலடி மண் வேண்டும். உப்பு, மிளகாய், கடுகோடு அந்த மண்ணையும் சேர்த்துச் சுற்றி நெருப்பில் போட வேண்டும். மண் எடுக்கும்போது யாரிடமும் பேசக் கூடாது. பகல் தொழுகை நேரம் பார்த்துத் தைலம்மாள் வேலி வழியாக நுழைந்தாள். தகரக் கூண்டின் அருகே பக்ருன்னிசாவின் பாதம் அழகாகப் பதிந்திருந்தது. குனிந்து ஒரு பிடி அள்ளினாள். தகரத்தில் முழங்கை பட்டுச் சுரீர் என்று சுட்டது.

"இன்னா அக்கா தேடற?"

வாசற்படியில் பக்ருன்னிசா. தலையில் தொழுகைத் துணி இன்னும் இருந்தது.

தைலம்மாள் பேசவில்லை. பேசினால் மண் செல்லாது. கையை மட்டும் முந்தானைக்குள் மறைத்தாள். பக்ருன்னிசாவின் கண் தரையில் இருந்த குழியைப் பார்த்தது. பிறகு மறைந்த கையைப் பார்த்தது. செஞ்சியில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டுமா?

"எங்காலடி மண்ணா?" குரல் உடைந்தது. "நானா அக்கா கண்ணு வெச்சேன்? நானா?"

தைலம்மாள் முந்தானைக்குள் மண்ணை இறுக்கிப் பிடித்தாள்.

"எடுத்துக்க. நல்லா ரெண்டு கையாலயும் அள்ளிக்க. அப்பிடியே வேலிக்கு அந்தாண்ட, ஒன் வூட்டுப் பக்கமும் ஒரு புடி எடுத்துக்க. வேலி நெடுக அறுகம்புல்லு மொளைச்சிக் கெடக்குது. அந்த இடுக்காண்ட மட்டும் ஏன் மண்ணு கட்டாந்தரையா இருக்குது? யாரு காலு தேய்ச்ச தேய்ப்பு அது? எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா?"

சாட்டையால் அடித்ததுபோல் இருந்தது. தைலம்மாள் வந்த வழியே திரும்பினாள். திரும்பும்போது, பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். வேலியோரம் நெடுகப் பச்சை. இடுக்குக்கு நேராக மட்டும் இரண்டு பாத அளவுக்கு மொட்டைத் தரை. அவளுடைய பாதம். இரண்டு வருஷத்துப் பாதம்.

அவள் குனிந்து அந்த மண்ணை எடுக்கவில்லை. கால் அதைத் தாண்டி வேகமாக நடந்துவிட்டது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சற்று முன்னால் அடுப்பில் தணலைக் கூட்டினாள். சாமுண்டீஸ்வரி வேடிக்கை பார்க்க வாசற்படியில் வந்து நின்றுகொண்டாள். கூடையைச் சுற்றி மூன்று தரம் இடமும் வலமும் சுற்றி, "ஊர் கண்ணு, ஒறவு கண்ணு, அண்ட வூட்டுக் கண்ணு" என்று முணுமுணுத்து, கைநிறைய இருந்ததை அடுப்பில் கொட்டினாள்.

அந்த ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்: கண் பட்டிருந்தால் மிளகாய் எரியும்போது நெடி வராது. நெடி வந்தால் கண் இல்லை.

ஒரு நொடி அமைதியாக இருந்தது. தைலம்மாளின் முகம் மலர்ந்தது. அதற்குள் உப்பு வெடித்தது. மிளகாய் புகைந்தது.

நெடியா அது! அடுப்படி முழுக்கக் காரம் பொங்கி, கூரை இடுக்கில் ஏறி, தெருவுக்குள் பாய்ந்தது. எதிர்வீட்டில் யாரோ தும்மினார்கள். தெருமுனைக் கடை வரைக்கும் இருமல் கேட்டது. சாமுண்டீஸ்வரி கண்ணைக் கசக்கிக்கொண்டு தெருவில் போய் நின்று கத்தினாள்: "நெடி வந்துட்டுதே அக்கா! அப்ப பாய் வூட்டுப் பொண்ணு கண்ணு இல்ல! பாவம், வீணா பழி போட்டியே!"

அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தவள் அவளேதான். ஆனால் தெரு முழுக்கக் கேட்டுவிட்டது. பக்ருன்னிசா குற்றமற்றவள் என்று மிளகாயே தெருவுக்குத் தண்டோரா போட்டுவிட்டது.

அந்த அவமானத்தைக்கூடத் தைலம்மாள் உணரவில்லை. ஏனென்றால், கூடைக்குள் கோழி புகையில் விக்கி விக்கித் துடித்துக்கொண்டிருந்தது. அவளுக்கே கண் திறக்க முடியவில்லை. கூடையைத் தேடித் தடவினாள். "ஐயோ... ஐயோ எங்கோழி!"

இருமிக்கொண்டே உள்ளே பாய்ந்தாள் பக்ருன்னிசா. கூடையை எட்டி உதைத்துக் கோழியை வாரி எடுத்தாள். நேராகக் கொல்லைப்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்கு ஓடினாள். கல்லடியில் எப்போதும் ஈரம் கசிந்திருக்கும் சேற்றில் கோழியை உட்கார வைத்தாள்.

"தண்ணி கொண்டா அக்கா! மூஞ்சில ஊத்தாத, கால்ல ஊத்து. சாக்கு எங்க?"

இந்தத் தடவை தைலம்மாள் எதிர்த்துப் பேசவில்லை. குடத்தோடு ஓடி வந்தாள். ஒருத்தி தண்ணீர் ஊற்ற, ஒருத்தி நனைந்த சாக்கை வேலியில் பந்தலாகக் கட்டினாள். பக்ருன்னிசா விரலை நனைத்து அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டாள். அவள் விரலில் தண்ணீர். அவள் உதட்டில் வறண்ட வெடிப்பு. விடியற்காலையிலிருந்து ஒரு சொட்டு அவள் தொண்டையில் இறங்கவில்லை.

தைலம்மாள் அதைப் பார்த்தாள். இரக்கம் வந்தது, கூடவே, கேட்டால் சிரிப்பீர்கள், பொறாமையும் வந்தது. பட்டினியோடு இவள் ஒரு உயிரைக் காப்பாற்றுகிறாள். புண்ணியத்திலும் பெரிய பங்கு இவளுக்கேதானா?

கோழியின் துடிப்பு மெல்ல அடங்கியது. மூச்சு சீராயிற்று. சிறகு உடம்போடு ஒட்டியது. இரண்டு பெண்களும் சேற்றிலேயே குந்தியிருந்தார்கள்.

பக்ருன்னிசா கோழியைப் பார்த்தபடியே சொன்னாள்: "ரெண்டு நாளா மறைச்சது நெசந்தான் அக்கா. ஒடம்பு முடியலன்னு சொன்னா நீ தூக்கினு பூடுவ. பொழைச்சாலும் திரும்பக் குடுக்க மாட்ட. அதான் சொல்லல."

"அதுக்குன்னு சாவ வுடுவியாடி?"

"நீ மட்டும் இன்னா? செத்தாலும் எங்கைல சாவட்டும்னு சொன்னியே. வேலி தாண்டிக் கேட்டுது."

தைலம்மாள் சேற்றைக் கிளறினாள். கிளறுவதற்கு அங்கே நிறைய இருந்தது.

"அந்தத் தகரக் கூண்டு எதுக்குடி? ஓட்டுல வறுக்கிற மாதிரி இல்ல இருக்குது, கைய வெச்சா."

பக்ருன்னிசா உதட்டைக் கடித்தாள். கண்ணில் நீர் திரண்டு ததும்பியது.

"அது ஒன் வூட்டுக்கு ஓடியாந்துடுது அக்கா."

"இன்னாது?"

"நீ தூங்கற நேரத்துல வேலியில பூந்து வந்து, ஒன் அடுப்படிக்குப் பின்னால குந்திக்கும். முட்டைகூட அங்க வுடப் பாக்கும். நான் வந்து தூக்கினு போவேன். இத்தினி தீனி போடறேன், மடியில வெச்சிக்கறேன், பேரு வெச்சிக் கூப்புடறேன். அப்பவும் ஒன் வூடுதான் அதுக்கு வூடு. எனக்கு வவுறு எரியாதா? அதான் போவக் கூடாதுன்னு தகரத்துல அடைச்சேன். நான்தான் அதுக்கு எமன்!"

முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவள் விம்மினாள்.

தைலம்மாளுக்குக் காதில் விழுந்தது விளங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் வீட்டுக்கு ஓடி வந்ததா? தீனியும் பேரும் மடியும் இருந்தும், ராசியில்லாத இந்தக் கையைத் தேடியா? வேலிக்கு இந்தப் பக்கம் அவள் பொருமி நின்ற காலமெல்லாம், அந்தப் பக்கம் இன்னொருத்தி அவளைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்தாளா? வாழ்நாளில் முதல் முறையாக அவளைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்பட்டிருக்கிறாள்! அந்தச் சேற்றில், அந்தப் புழுக்கத்தில், கண் எரிச்சல்கூட ஆறாத நிலையில், தைலம்மாளுக்குப் பட்டுப்புடவை கட்டியதுபோல் இருந்தது.

"அழுவாதடி" என்றாள், அழுதுகொண்டே.

பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. பக்ருன்னிசா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வேலி வழியாகப் போய், ஒரு வாய்த் தண்ணீரும் பேரீச்சம்பழமும் வாயில் போட்டுக்கொண்டு, ஆறின நோன்புக் கஞ்சிக் கிண்ணத்தோடு திரும்பி வந்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்ததும் கோழி கழுத்தை நீட்டி மோந்தது.

தைலம்மாளின் முகம் சுருங்கியது. வெங்காயம் அரைத்தாள், கம்பு ஊறவைத்தாள், எதையும் தொடாத கோழி, இவள் கஞ்சிக்குக் கழுத்தை நீட்டுகிறது!

பக்ருன்னிசா அந்த முகத்தைப் பார்த்தாள். கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினாள். "நீ வை அக்கா. ஒங்கையால."

தைலம்மாள் தயங்கினாள். வலது கை முந்தானைக்குள் இருந்தது. மெதுவாக வெளியே எடுத்தாள். கஞ்சியில் கொஞ்சம் உள்ளங்கையில் வழித்து அலகுக்குக் கீழே நீட்டினாள். கோழி ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து அந்தக் கையைப் பார்த்தது. பிறகு கொத்தியது. மறுபடி கொத்தியது. உள்ளங்கை நடுவில் அந்தச் சின்ன அலகு சுருக்குச் சுருக்கென்று குத்தக் குத்த, பூவாயி கைக்குப் போன விதைக்கூடையும், மாடத்தில் ஆறிப்போன சர்க்கரைத் தண்ணீரும் எங்கோ தூரத்துக்குப் போயின. கண்ணீர் கஞ்சியில் விழுந்தது. கோழி அதையும் சேர்த்துத் தின்றது.

"கஞ்சி ஒன்னுது. கை என்னுது. சரியா?" என்றாள் தைலம்மாள்.

"வாரம்னா பாதிப் பாதிதான" என்றாள் பக்ருன்னிசா.

தகரக் கூண்டைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டார்கள். வேலியில் இரண்டு மட்டையை எடுத்துவிட்டு, கோழி இஷ்டத்துக்குப் போய்வர வழி விட்டார்கள். காலையில் ஒருத்தி தீனி, மாலையில் ஒருத்தி தீனி. பெருநாள் பிரியாணி வேலி வழியாக இந்தப் பக்கம் வந்தது. கத்திரி போய், ஆனிக் காற்றும் அடிக்க ஆரம்பித்தது. வெளுத்த கொண்டையில் ரத்தம் ஏறிச் சிவந்தது. இனி முட்டை வைக்கும் என்று இருவருக்கும் தெரிந்தது. முதல் முட்டை எந்தப் பக்கம் விழும் என்பதைப் பற்றி இருவருமே பேசவில்லை. ஆனால் தைலம்மாள் அடுப்படிக்குப் பின்னால் வைக்கோல் பரப்பினாள். பக்ருன்னிசா பழைய கூடையில் மணல் நிரப்பி வைத்தாள். இருவரும் அதை மற்றவளிடம் சொல்லவில்லை.

கோழி கேறியது. கொக்கரித்தது. முட்டையை மட்டும் காணோம். வைக்கோலிலும் இல்லை. மணலிலும் இல்லை.

"நீ எடுத்து ஒளிச்சி வெச்சிட்டியா?" என்றாள் தைலம்மாள்.

"அல்லா மேல ஆணை. நீதான் எடுத்தன்னு நான் நெனைச்சினு இருக்கேன்" என்றாள் பக்ருன்னிசா.

விஷயம் அன்று மத்தியானம் தானாகவே தெருவுக்கு வந்தது. கோழி என்றாலே மூக்கைப் பொத்தும் சாமுண்டீஸ்வரி, கொல்லை வாசலில் நின்று, கோலமாவு விற்க வந்தவளிடம் கையைக் காலை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான் கூப்புடவும் இல்ல, தீனி போடவும் இல்ல. சிமெண்டுத் தொட்டிக்கு அடியில ஜில்லுனு இருக்குதில்ல, அங்க வந்து குந்திக்குது! நாலு முட்டை வெச்சிட்டுது பாரேன். எங்க அம்மா அப்பவே சொல்லும், சாமுண்டி, ஒனக்குக் கைராசின்னு!"

வேலியோரம் தைலம்மாளும் பக்ருன்னிசாவும் ஒட்டி நின்று அதைக் கேட்டார்கள். பக்ருன்னிசாவின் முற்றத்துக்கு அப்பால், மூன்றாம் வீட்டுத் தொட்டி நிழலில் ரோசா உடம்பைப் பரப்பிக்கொண்டு, இவர்கள் பக்கம் ஒரு பார்வைகூடப் பார்க்காமல் சுகமாகக் கண்ணை மூடியிருந்தது.

"வெக்கங்கெட்ட கோழி" என்றாள் பக்ருன்னிசா, பல்லைக் கடித்து.

"கோழிய இன்னாத்துக்குத் திட்டற? அவ மூஞ்சியப் பாரு. எம்மாம் ராங்கி!" தைலம்மாளின் மூச்சு அனலாக வந்தது. "ஏ பக்ரு..."

"இன்னா அக்கா?"

"அவ காலடி மண்ணு ஒரு புடி எடுத்துடலாமா?"

பக்ருன்னிசா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். பிறகு, "மொதல்ல ஒங்காலு எங்க நிக்குதுன்னு பாரு அக்கா" என்றாள்.

தைலம்மாள் குனிந்து பார்த்தாள். மொட்டைத் தரையில் இப்போது நான்கு பாதங்கள் நின்றிருந்தன. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிரிப்பு வந்தது. ஆனால் அந்த இடத்தைவிட்டு இருவருமே நகரவில்லை.